கொவ்வைக் கொடியும் என்ரை எக்கோப் பெட்டியும்

ஐயா, என்ரை எக்கோப் பெட்டிகளைக் கெடுக்கிறது நீங்கள்தான். உங்கள் பேரை இங்கே எழுத மாட்டேன். ஊருக்குள் மரியாதையான குடும்பம். ஆனால் கடல் கடந்து இருந்துகொண்டு, சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற என்ரை வீட்டில் செக்கனுக்கு ஒருக்கா ‘டிக்’ என்று தட்டுகிறது நீங்கள்தான். அதைச் சாட்சியோடு இதில் எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கோ, பிறகு பதில் சொல்லுங்கோ.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான்: நல்ல சத்தத்தைப் பழுதாக்கி விற்கிறது என்ரை தொழில். கிற்றாரின் சத்தம் என்ரை பெட்டிக்குள் போனால் கிணற்றுக்குள் இருந்து வாசித்த மாதிரி வரும், பெரிய மண்டபத்தில் வாசித்த மாதிரி வரும், வேணுமென்றால் கிழிந்த சீலை மாதிரியும் வரும். பெட்டிக்குள்ளே சின்னக் கொம்பியூட்டர்ச் சில்லு ஒன்று. அதற்குள் ஓடுகிற புரோகிராம் நான் எழுதியது. வெளியே பிஸ்கற் ரின். பகலில் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன்; அந்தக் காசு சாப்பாட்டுக்கு, பெட்டிக் காசு மானத்துக்கு. இரண்டையும் எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கவில்லை. றேடியோக் கடை ஒன்றில் கூட்டித் துடைக்கப் போய், ஈயப்பற்று வைக்கிற கோலால் விரலைச் சுட்டுச் சுட்டுப் பழகியது ஒன்று. எழுதினதெல்லாம் பிழைத்துப் பிழைத்துப் பழகியது மற்றது. சொந்தக் கையால் ஒரு சாமானைச் செய்து, அதை வாங்க வந்தவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு நான் படுகிற பாடு விளங்கும்.

செருப்புப் போட்ட எக்கோ

பருத்தித்துறைச் சிவநேசன் பகலில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். கலியாண வீடுகளில் கிற்றார் வாசிக்கிறவன். தைக் கலியாணங்களுக்கு முன்னம் தன்ரை குழுவிலே எல்லோருக்கும் என்னிடமே பெட்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தான். ஒரு குழு எடுத்தால் வடமராட்சியிலே மற்றக் குழுக்களும் எடுக்கும். இரவு பகலாய்ப் பழுதாக்கினதுக்கு ஒரு விடிவு வருகுது என்று நானும் இருந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கின கையோடு வந்தான். வயரைச் செருகினான், ஒரு தந்தியைத் தட்டினான். தந்தியின் சத்தம் வந்தது, பின்னாலே ஒரு டிக் வந்தது. எக்கோப் பெட்டியின் வேலை என்ன? உள்ளே போனதைத் திருப்பித் திருப்பிச் சொல்வது. அது வஞ்சகமில்லாமல் டிக்கையும் திருப்பித் திருப்பிச் சொன்னது. முதல் டிக் ஓய முன்னம் அடுத்தது வந்து சேர்ந்தது. மேசையைச் சுற்றி ஒரு ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது. நான் பெட்டியைத் தட்டினேன், குலுக்கினேன், வயரை மாற்றினேன், கடைசியில் பெட்டியைப் பார்த்துத் தூஷணத்தாலும் பேசினேன். ஒன்றுக்கும் அசையவில்லை. சிவநேசன் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சரித்துக் கேட்டான்.

“அண்ணை, உங்கடை எக்கோவுக்குள்ள ஆரோ செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறாங்கள்.”

மீனுக்கு ஆர் பதில்

அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய் அவன் வீட்டில் போட்டுப் பார்த்தேன். கடற்காற்றுத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அப்போ பெட்டி சரி, என்ரை வீடுதான் பிழை. “அப்ப பருத்தித்துறையிலை வைச்சே வில்லுங்கோவன்” என்று நீங்கள் சொல்லலாம். பெட்டியைச் செய்கிறதும் செவி கொடுத்துச் சரிபார்க்கிறதும் இந்த மேசையில்தான். டிக் அடிக்கிற வீட்டில் பெட்டியின் சொந்த இரைச்சல் எது, வந்தேறி இரைச்சல் எது என்று எப்படிப் பிரிக்கிறது? நாக்கில் புளியை வைத்துக்கொண்டு கறிக்கு உப்புப் பார்க்கிற கதைதான்.

கொம்பனி மீற்றிங்கிலும் அது புகுந்துவிட்டது. கொழும்பிலிருந்து என்னோடு வேலை செய்கிற திலீப், “அண்ணன், வேலை முடிக்கிற நேரம் கிட்டுதுன்னு எங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் மணிக்கூட்ட ஓட விட்டிருக்கீங்களா?” என்றான். என்ரை அறையில் மணிக்கூடே கிடையாது. கோபத்தில் ஃபானின் றெகுலேற்றரைக் கழற்றி எறிந்தேன். மனைவி பவானியின் தையல் மெசினில் பிழை பிடித்தேன். போன் சார்ஜர்களை எல்லாம் பிடுங்கி வாளிக்குள் போட்டேன். பிறகு மெயின் சுவிச்சையே நிற்பாட்டிவிட்டு, எக்கோப் பெட்டியைப் பற்றரியில் போட்டுக் கேட்டேன். வீடு முழுக்கச் செத்துக் கிடக்குது, டிக் மட்டும் உயிரோடு இருக்குது! அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் போய் ஆசை வந்தது. வீட்டில் ஒரு சொட்டுக் கரண்டும் இல்லை என்றால் இது எங்கே இருந்து வருகுது? இருட்டுக்குள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நெடுநேரம் இருந்திருப்பேன் போல. குசினிக்குள்ளே இருந்து பவானி கேட்டாள்.

“மெயினை நிப்பாட்டினியள், சரி. பிரிட்ஜுக்குள்ள கிடக்கிற மீனுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

காணாமல் போன தாளம்

வெளியே இருந்து வருகிறதைத் தடுக்க முடியாவிட்டால் உள்ளே வந்த பிறகு பிடிப்போம் என்று ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரே அளவு இடைவெளியில், ஒரே மாதிரி, கூர்மையாக வருகிற சத்தம் எதுவோ, அதைக் கேட்டுப் பழகி, அடுத்தமுறை வருகிற இடத்திலேயே விழுங்கிவிட வேண்டும். எழுதினேன், ஓட்டினேன், டிக் போய்விட்டது. எழும்பி நின்று எனக்கு நானே கைகொடுத்தேன். பவானி அதைக் கண்டும் காணாத மாதிரிப் போனாள்.

அந்தக் கிழமையே கோயில் பசனைக் குழுவை நடத்துகிற பசுபதி மாஸ்டர் வந்தார். மார்கழிப் பசனைக்குப் பழகப் பிள்ளைகளுக்கு ஒரு பதிவு வேணும் என்றார். கைத்தாளத்தோடு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, மனமுருகிப் பாடினார். பாடி முடிய நான் பதிவைப் போட்டுக் காட்டினேன். முதல் அடியில் தாளம் கேட்டது. இரண்டாவது அடியில் தேய்ந்தது. மூன்றாவது அடியிலிருந்து தாளமே இல்லை; பாட்டு மட்டும் கயிறு அறுத்த வள்ளம் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. என்ரை புரோகிராம் பெரிய கெட்டிக்காரன்: ஒரே அளவு இடைவெளி, ஒரே மாதிரி, கூர்மை. மாஸ்டர் தாளம் தப்பாமல் போட்டதுதான் அவர் செய்த பிழை! வேறு ஆராவது தாளம் பிசகிப் போடுகிறவர் வந்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். மாஸ்டர் கையிலிருந்த தாளத்தை ஒருக்கா தட்டிப் பார்த்தார். அது சத்தம் போட்டது. என்ரை மேசையின் கீழ் குனிந்தும் பார்த்தார்.

“தம்பி, கோவிக்காதையும். என்ரை தாளத்தை எங்கை வைச்சிருக்கிறீர்?”

இரைச்சலுக்கு விலை

சத்தம் காற்றில் வருகுது என்றால் அதன் வீட்டைத் தேடிப் போகிறதுதான் வழி. அதற்குப் பழைய றேடியோ ஒன்று வேண்டும். அந்தக் காலத்து றேடியோவுக்குள் ஒரு கறுத்தத் தண்டு இருக்கும். றேடியோவைச் சுழற்றச் சுழற்ற இரைச்சல் கூடும், குறையும். தண்டின் நுனி இரைச்சல் வருகிற பக்கம் பார்த்தால் இரைச்சல் அமுங்கும். அமுங்குகிற பக்கம் பார்த்து நடந்தால் கள்ளன் அகப்படுவான்.

கொடிகாமத்தில் மரக்கறிச் சந்தைக்குக் கிட்டப் பழைய சாமான் கடை ஒன்று இருக்குது. கடைக்காரர் ஒரு றேடியோவைத் தூசி தட்டி எடுத்தார். போட்டேன். ஒரு நிலையமும் எடுக்கவில்லை. “இது ஸ்ரேசன் எடுக்காது, வேறை தாறன்” என்றார். நான் வேண்டாம், அதுவே போதும் என்றேன். அவருக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது, விலையை ஏற்றினார். நான் விடுவேனா? நிலையம் எடுக்காத றேடியோவுக்கு றேடியோ விலை சொல்லக்கூடாது, இரும்பு விலை சொல்லும் என்றேன். அவர் பிளாஸ்ரிக் என்றார். அப்போ பிளாஸ்ரிக் விலை சொல்லும் என்றேன். கடையை விட்டு இறங்கினேன், கூப்பிட்டார். ஏறினேன், பழைய விலையே சொன்னார். திரும்ப இறங்கினேன். பக்கத்தில் வெங்காயம் நிறுத்துக்கொண்டு நின்றவர்கள் தராசை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பற்றரியையும் சேர்த்துத் தந்தால் எடுக்கிறேன் என்று பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் அப்படியே வாங்கினேன். எல்லாம் முடிந்து காசைக் கொடுக்கேக்கை, இரைச்சல் போதுமோ என்று காதில் வைத்து ஒருக்கா பார்த்தேன். கடைக்காரர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

“இவ்வளவு காலக் கடையிலை, பாட்டு வேண்டாம், இரைச்சல் நல்லாய் இருக்கோணும் எண்டு பேரம் பேசின ஆள் நீர் ஒராள்தான் ஐசே.”

தண்ணி பார்க்க வந்தவர்

றேடியோவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். நாலடி நடக்கிறது, நிற்கிறது, அரை வட்டம் சுற்றுகிறது, குனிகிறது, திரும்ப நாலடி. டிக் உரத்து வந்தது. சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். சின்ன வயதில் பொன்வண்டு தேடித் திரிந்த பிறகு இப்படி ஒன்றையும் தேடித் திரிந்ததில்லை. வளைவிலே நின்று சுற்றினால் தெற்கில் அமுங்கியது. வாழைத் தோட்டத்தைத் தாண்டி நின்று சுற்றினால் கொஞ்சம் கிழக்கே அமுங்கியது. இரண்டு கோடும் எங்கே முட்டும் என்று மனதுக்குள் கீறிக்கொண்டு கண்ணை மூடி நின்றேன்.

கண்ணைத் திறந்தால் ஐந்தாறு பேர் பக்தியோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தர் சைக்கிளை விட்டு இறங்கியே நின்றார். முன் வளவு மகேஸ்வரி அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்து, கையில் ஒரு தேங்காயையும் வைத்துக்கொண்டு, நான் நின்ற இடத்தை உற்றுப் பார்த்தா. கிணறு வெட்ட இடம் குறிக்கிறவர்கள் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடக்கிறதைப் பார்த்த சனம் இது; நான் றேடியோவோடு நடந்தால் என்ன நினைக்கும்? “இல்லை அக்கா, நான் டிக் தேடுறன்” என்றேன். அது எந்த ஆழத்தில் வரும் என்று கேட்டா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவவின் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். தேங்காயைக் கையில் திணித்துவிட்டுத்தான் போனா.

“எங்கடை வளவுக்கையும் ஒருக்கா உதைக் கொண்டு வந்து பாரும் தம்பி, இப்ப இருக்கிற கிணறு ஒரே உப்பு.”

மதிலிலிருந்து கதைத்த கமரா

அடுத்தநாள் பின்னேரம் போய்ப் பார்த்தால், இரண்டு கோடும் முட்டின இடம் உங்கள் வளவு, ஐயா. பெரிய வீடு, பூட்டின கேற், ஆள் இல்லை. மதிலின் மேலே ஆடு மாடு, கள்ளன் ஒன்றும் வராமல் கரண்ட் வயர் ஓடுது. அதற்குச் சோலரில் ஓடுகிற ஒரு பெட்டி. செக்கனுக்கு ஒருக்கா வயருக்கு ஒரு உதை கொடுக்கும். என்ரை மெயின் சுவிச்சுக்கு அது ஏன் பயப்படவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வயர் மட்டும் என்றால் சத்தம் இல்லை. ஐப்பசி மழையோடு ஒரு கொவ்வைக் கொடி மதிலேறி அந்த வயரைக் கட்டிப் பிடித்திருக்குது. ஈர இலை வயரில் முட்டுகிற இடத்தில், பொழுதுபடுகிற நேரம், சின்ன நீலப் பொறி ஒன்று. பொறி பறக்க, கையிலிருந்த றேடியோ டிக். பொறி, டிக். பொறி, டிக். அவ்வளவு வடிவு! என்ரை எதிரியின் முகத்தை முதல்முறையாகப் பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றேன்.

“ஆரது? உதிலை நிண்டு என்ன செய்யிறீர்?”

துள்ளிப் போனேன். சுற்றிவர ஒருத்தரும் இல்லை. “உங்கை பாக்காதையும், மேலை பாரும்.” கேற் தூணில் கமரா, அதற்குள்ளே இருந்து நீங்கள்.

“ஐயா, உங்கடை வேலி டிக் அடிக்குது.”

“எங்கை அடிக்குது?”

“என்ரை எக்கோவுக்குள்ள.”

“நேற்றும் கையிலை ஏதோ மெசினோடை இந்த ஒழுங்கையாலை போனனீர். நான் பாத்தனான்.”

“அது றேடியோ ஐயா!”

“றேடியோவை வைச்சுக்கொண்டு ஆரப்பா மதிலடியிலை சுத்துறது? அளக்க வந்தனீரோ? ஆர் அனுப்பினது, பின்வளவுக்காரரோ?”

எனக்கு ஏறிவிட்டது. உங்கடை காணியிலை ஒரு சாணும் எனக்கு வேண்டாம், அந்தக் கொடியை மட்டும் வெட்டுங்கோ என்று தூணைப் பார்த்துக் கத்தினேன். ஒழுங்கையால் போன சனம், தூணோடு சண்டை பிடிக்கிற மனிசனைப் பார்த்து ஒதுங்கிப் போனது. நீங்களும் குறைவாய்ச் சத்தம் போடவில்லை.

“எல்லைக் கல்லு ஒரு விரற்கடை அரங்கினாலும் எனக்கு இஞ்சை இருந்தே தெரியும், சொல்லிப்போட்டன்!”

பனிக்குள் வருகிற கிளி

அடுத்தநாள் உங்கள் வளவைக் கூட்டித் துப்புரவாக்க வருகிற மணியண்ணையைப் பிடித்தேன். கேற்றின் திறப்பு அவரிடம்தான் இருக்குது. கொடியை வெட்டிவிடுங்கோ, உங்கடை வீட்டு றேடியோவைத் திருத்தித் தாறன் என்றேன். தலையாட்டவில்லை. ரி.வி.யையும் சேர்த்தேன். அசையவில்லை. என்ரை வாழ்நாளில் பேரத்துக்கு மசியாத ஆளை நான் கண்டதில்லை. இந்த மனிசன் ஈர்க்குமாறைத் தோளில் சாத்திக்கொண்டு சிரித்தார்.

“தம்பி, நீர் எதைக் கேட்டாலும் வெட்டுவன். உந்தக் கொவ்வையை மட்டும் கேக்காதையும். அவருக்கு உது கண்.”

“கொவ்வையோ?”

“அங்கை இப்ப பனியாம். வெளியிலை ஒரு பச்சை இல்லையாம். எங்களுக்குப் பின்னேரம் படேக்கை அவருக்கு விடியுது. அந்த நேரம் பாத்து இந்தப் பழம் தின்னக் கிளியள் வரும். வேலைக்குப் போக முன்னம் அவர் அதைத்தான் கமராவிலை பாக்கிறவர். காணி, எல்லை எண்டு வெளியாக்களிட்டைத்தான் கத்துவார். என்னட்டைக் கேக்கிறது ஒண்டே ஒண்டு, ‘மணி, கிளி வந்ததோ?’”

ஒழுங்கை முழுக்கச் சுற்றி நான் பிடித்த கள்ளன், காலமையில் கிளி பார்க்கிற மனிசனாய்ப் போனார். மணியண்ணை கேற்றைச் சாத்தப் போனவர் ஏதோ நினைவு வந்து திரும்பினார்.

“ஆனால் இந்த மழைக்குப் பிறகு கிளி கத்துறது கேக்குதில்லையாம், கமராவுக்கை ஏதோ டிக் டிக் எண்டு அடிக்குதாம், ‘மணி, உங்கை நல்ல ரிப்பேர்காரர் ஆரும் இருக்கினமோ?’ எண்டு கேட்டவர்.”

கடைசி விலை

இருக்கினம், ஐயா. தூணுக்குக் கீழே நின்று உங்களோடு சண்டை பிடித்தவன்தான்.

சிவநேசனும் அவன்ரை குழுவும் வருகிற கிழமை என்ரை வீட்டுக்கு வருகினம். கிற்றார், கீபோட், மைக் எல்லாம் கொண்டு வந்து, எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாய்ப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்லுவினமாம். அன்றைக்கும் எக்கோவுக்குள் செருப்புச் சத்தம் கேட்டால், வடமராட்சி முழுக்க எனக்கு ‘டிக்டிக் அண்ணை’ என்று பேர் வைத்துவிடுவாங்கள். அந்தப் பேரை எந்தப் புரோகிராமாலும் விழுங்க முடியாது. நீங்களும் ஒவ்வொரு விடியலும் கிளியைக் கண்ணால் பார்த்து, காதால் வேலியைக் கேட்டுக்கொண்டிருப்பீங்கள்.

ஆகையால் என்ரை கடைசி விலையைச் சொல்லுகிறேன். கொவ்வையை வெட்ட வேண்டாம். மதிலோடு ஒரு முருங்கை நிற்குது, கமராவுக்கு நேரே. வயரை விட்டுக் கொடியை விலத்தி அந்த முருங்கையில் ஏற்றிவிடச் சொல்லுங்கோ. முருங்கையிலே இருந்தும் கிளி பழம் தின்னும், விசாரித்துவிட்டேன். அதற்குமேல், அந்த முருங்கையடியில் மழை நனையாத மைக் ஒன்றை நானே பூட்டித் தருகிறேன். கிளி இறகடிக்கிறதும் உங்களுக்கு அங்கே கேட்கும். காசு வேண்டாம். கொடிகாமத்துக் கடைக்காரருக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதேயுங்கோ.

எல்லைக் கல்லை நான் தொடமாட்டேன், மதிலடியில் சுற்றமாட்டேன். இனி உங்கள் பக்கம்: மணியண்ணையிடம் இன்றைக்கே ஒரு சொல்லுச் சொல்லி அந்தக் கொடியை விலத்திவிடுங்கோ, நல்ல சத்தத்தைப் பழுதாக்கிறது என்ரை தொழில், அதை நீங்கள் அங்கே இருந்து சும்மா செய்து தர வேண்டாம்.